சேத்துப்பட்டில் நடந்த சோதனை: படுக்கை முக்கியமா, மாத்திரை முக்கியமா?

(இது எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். படிக்க வசதியா சில இடங்களைச் சுருக்கியிருக்கோம்.)

இந்த எபிசோடுக்கு முன்னாடி சென்னை ரயில் மேப்பை மனசுல கொண்டு வாங்க. நான் பேசுறது கோட்டூர்புரத்துல இருந்து. இங்க பறக்கும் ரயில் ஏறி பார்க் டவுன்ல இறங்கி, எதிர்ல இருக்கிற பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து, தாம்பரம் வண்டி பிடிச்சா, எழும்பூருக்கு அடுத்து சேத்துப்பட்டு வரும். அதே வண்டியில தூங்கிட்டீங்கன்னா குரோம்பேட்டை தாண்டி 'தாம்பரம் சானடோரியம்'னு ஒரு ஸ்டேஷன் வரும்.

நம்மள்ல பாதி பேருக்கு சானடோரியம்னா அது ஒரு ஏரியா பேரு. ஷேர் ஆட்டோக்காரர் கூவுற பேரு. ஆனா சானடோரியம்னா காசநோயாளிகளை மாசக்கணக்குல, சில சமயம் வருஷக்கணக்குல தங்க வெச்சுப் பார்க்கிற மருத்துவமனை. டிபி வந்தவங்களுக்கு ஊருக்கு வெளியில, நல்ல காத்து, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. மருந்துன்னு எதுவும் இல்லாத காலத்துல இதுதான் மருந்து.

இன்னைக்கு கதை, அந்த ரெண்டு ஸ்டேஷன்கள் சொல்ற ரெண்டு காலத்தைப் பத்தினது. சானடோரியம் ஒரு காலம். சேத்துப்பட்டு இன்னொரு காலம். நடுவுல 1956-ல தொடங்கின ஒரு மருத்துவச் சோதனை. அந்தச் சோதனை கேட்டது ரொம்ப சிம்பிளான கேள்வி. காசநோயாளி குணமாக மருத்துவமனைப் படுக்கை வேணுமா, இல்ல வீட்டுல இருந்தே மாத்திரை சாப்பிட்டாப் போதுமா?

அந்தக் கேள்விக்கு சென்னையில கிடைச்ச பதில், உலகம் முழுக்க காசநோய் சிகிச்சையை மாத்துச்சு. நம்ம ஊர்லயே நிறைய பேருக்கு இது தெரியாது.

காத்து, வெயில், முட்டை, பால்

முதல்ல சானடோரியம் காலம்.

தாம்பரம் சானடோரியத்தை 1928-ல ஆரம்பிச்சவர் டாக்டர் சவுரி முத்து. அதுக்கு முன்னாடி அவர் இங்கிலாந்துல, மெண்டிப் மலைப் பக்கம் ஒரு சானடோரியம் நடத்திட்டிருந்தார். அங்க அவர்கிட்ட வந்து சேர்ந்த ஒரு நோயாளியை நம்ம எல்லாருக்கும் தெரியும்: கணித மேதை ராமானுஜன். ரெண்டு பேரும் 1914-ல ஒரே கப்பல்ல, 'நேவாசா'ங்கிற கப்பல்ல, இங்கிலாந்து போனவங்க. மூணு வருஷம் கழிச்சு ராமானுஜனுக்கு உடம்பு முடியாமப் போகுது. காசநோய்னு டாக்டர்கள் நினைக்கிறாங்க. ஒரு சானடோரியம் மாத்தி இன்னொரு சானடோரியம்னு அலைஞ்சார். அங்க இருந்த குளிரும் சாப்பாடும் ஒரு சைவக்காரருக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. கடைசியில ஊருக்குத் திரும்பி வந்து, 1920 ஏப்ரல் 26-ம் தேதி, 32 வயசுல, சேத்துப்பட்டுல இறந்துபோனார். (அவருக்கு வந்தது காசநோயே இல்ல, கல்லீரலைத் தாக்குற அமீபா நோயா இருக்கலாம்னு பின்னாடி சில ஆய்வாளர்கள் சொன்னாங்க. அது தனி விவாதம்.)

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, உலகத்துலயே சிறந்த கணித மூளைகள்ல ஒண்ணுக்கு அன்னைக்கு மருத்துவம் கொடுக்க முடிஞ்சது திறந்த ஜன்னலும் ஓய்வும் மட்டும்தான். அதுதான் அப்போ உயர்ந்த சிகிச்சை. அதுவும் காசு இருக்கிறவங்களுக்கும், ஆள் தெரிஞ்சவங்களுக்கும். தாம்பரம் சானடோரியத்தை 1937-ல அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அதுக்கப்புறமும் படுக்கைகள் போதல. 1950-கள்ல நாடு முழுக்க காசநோயாளிகள் லட்சக்கணக்குல. படுக்கைகள் ஆயிரக்கணக்குல. இந்தக் கணக்கு எந்த வருஷத்துலயும் சரியா வராது. சானடோரியம் கட்டிட்டே போனாலும், நம்ம பேரன் பேத்தி காலத்துலதான் எல்லாருக்கும் ஒரு படுக்கை கிடைச்சிருக்கும்.

மருந்து வந்துடுச்சு. அப்புறம்?

1940-கள்ல நிலைமை மாறுது. 1943-ல அமெரிக்காவுல செல்மன் வாக்ஸ்மன் லேப்ல, ஆல்பர்ட் ஷாட்ஸ்ங்கிற ஆராய்ச்சி மாணவர் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடிக்கிறார். காசநோய்க் கிருமியைக் கொல்ற முதல் நல்ல மருந்து.

போருக்கப்புறம் பிரிட்டன்கிட்ட டாலர் இல்ல. அவங்களுக்குக் கிடைச்ச ஸ்ட்ரெப்டோமைசின் ரொம்பக் கொஞ்சம். எல்லாருக்கும் கொடுக்க முடியாது. அப்போ பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்ல ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்ங்கிற புள்ளியியல்காரர் ஒரு யோசனை சொல்றார். எப்படியும் எல்லாருக்கும் தர முடியாது. அப்போ யாருக்குக் கொடுக்கணும்னு டாக்டர் தேர்ந்தெடுக்க வேண்டாம். குலுக்கல் மாதிரி தற்செயலா முடிவாகட்டும். சீல் வெச்ச கவருக்குள்ள சீட்டு. நோயாளி சோதனைக்குத் தகுதியானவர்னு முடிவான பிறகுதான் கவரைப் பிரிக்கணும்.

நம்ம ஆளுங்களுக்கு இது உடனே புரியும். ஆப்புல புது பட்டன் போடுறோம்னா பாதி யூசருக்குப் பழசு, பாதி யூசருக்குப் புதுசு காட்டுவோம் இல்லையா, ஏ-பி டெஸ்ட். யாருக்கு எதுங்கிறதை நாம கையால தேர்ந்தெடுக்கக் கூடாது. தேர்ந்தெடுத்தா நம்ம விருப்பம் உள்ள வந்துடும். டாக்டருக்கும் அதேதான். பிழைச்சுக்குவார்னு தோணுற நோயாளிக்குப் புது மருந்தைக் கொடுத்துட்டா, மருந்து நல்ல மருந்தாத்தான் தெரியும்.

1948-ல முடிவு வெளியாச்சு. மொத்தம் 107 நோயாளிகள். மருந்து வாங்கின 55 பேர்ல ஆறு மாசத்துல இறந்தவங்க 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் எடுத்த 52 பேர்ல 14 பேர். மருந்து வேலை செய்யுது. ஆனா கொஞ்ச நாள்ல கிருமி அந்த மருந்துக்குப் பழகிடுது. தனியா ஒரே மருந்து கொடுத்தா தோத்துப்போகும்னும் அதுல இருந்துதான் புரிஞ்சது.

அடுத்து பாஸ்ங்கிற மருந்து வந்தது. 1952-ல ஐசோனியசிட். இந்த ஐசோனியசிட் கதை சுவாரஸ்யமானது. 1912-லயே பிராக் நகரத்துல ரெண்டு வேதியியல்காரங்க இதைத் தயாரிச்சுட்டாங்க. எதுக்கு உதவும்னு தெரியாம அப்படியே கிடந்தது. நாற்பது வருஷம் கழிச்சு மூணு கம்பெனிகள் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல இது காசநோயைக் கொல்லும்னு கண்டுபிடிச்சாங்க. பொருள் ஏற்கனவே எல்லாருக்கும் தெரிஞ்சதுங்கிறதால அதுக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியல. அதனால விலை மலிவு. ஊசி வேண்டாம், வாயால சாப்பிடலாம்.

ஏழை நாட்டுக்குத் தேவையானது இதுதான்: மலிவான, வாயால சாப்பிடுற மருந்து. ஆனா இதை வெச்சுக்கிட்டு வீட்டுலயே குணப்படுத்த முடியுமா? அப்போதைய டாக்டர்கள்ல நிறைய பேர் இதை நம்பல. நியாயமான காரணங்களும் இருந்தது. வீட்டுல ஒரே அறையில ஏழு பேர் படுத்திருப்பாங்க, நோய் பரவாதா? சாப்பாடே சரியில்லாதவங்க உடம்புல மருந்து எப்படி வேலை செய்யும்? ஓய்வு எங்க? முக்கியமா, உடம்பு கொஞ்சம் தேறின உடனே மாத்திரையை நிறுத்திட மாட்டாங்களா?

193 பேர்

1956-ல சேத்துப்பட்டு ஸ்பர்டாங்க் ரோட்டுல 'டியூபர்குலோசிஸ் கீமோதெரபி சென்டர்' தொடங்குறாங்க. நாலு பேர் சேர்ந்து நடத்துற இடம்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். அஞ்சு வருஷத் திட்டமாத்தான் ஆரம்பிச்சாங்க. முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ்ங்கிற பிரிட்டிஷ் டாக்டர். கூட சென்னை டாக்டர்கள், நர்ஸ்கள், லேப் ஆட்கள், வீடு வீடாப் போற சுகாதாரப் பணியாளர்கள்.

முதல் சோதனைக்கு நகரத்தோட ஏழைக் குடும்பங்கள்ல இருந்து, நுரையீரல் காசநோய் இருக்கிற 193 பேரைச் சேர்த்தாங்க. சளியில கிருமி இருக்கணும், ஏற்கனவே சிகிச்சை எடுத்திருக்கக் கூடாது. தற்செயல் முறையில ரெண்டு குழு. ஒரு குழு ஒரு வருஷம் சானடோரியத்துல. இன்னொரு குழு ஒரு வருஷம் வீட்டுல. ரெண்டு குழுவுக்கும் மருந்து ஒண்ணுதான்: ஐசோனியசிட்டும் பாஸும்.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்துறேன். யாருக்கும் மருந்து இல்லாம விடல. 1948 சோதனையில பாதி பேருக்கு மருந்து இல்ல. சென்னையில அப்படி இல்ல. ரெண்டு பக்கமும் முழு சிகிச்சை. மாறுனது இடம், சாப்பாடு, ஓய்வு, நர்ஸ் பக்கத்துல இருக்கிறது. இந்த மாதிரி வடிவமைச்சதாலதான் கேள்வி சுத்தமாக் கிடைச்சது. ஒரே நேரத்துல நாலு விஷயத்தை மாத்துனா பக் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க முடியாதுன்னு நமக்குத் தெரியும். இங்க மருந்தை அப்படியே வெச்சுக்கிட்டு சூழலை மட்டும் மாத்தினாங்க.

வீட்டுக் குழுவை சும்மா மாத்திரை கொடுத்து அனுப்பிடல. பாஸ் மருந்து ஒரு நாளைக்கு பத்து கிராம் அளவுக்கு, பெரிய பெரிய வில்லைகளா, விழுங்கணும். குமட்டும், வயித்தைக் கலக்கும். அதைத் தினமும் ஒரு வருஷம் சாப்பிடணும். எத்தனை பேர் சாப்பிடுவாங்க? அதனால சென்டர் ஆட்கள் சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போவாங்க. மிச்சம் இருக்கிற மாத்திரையை எண்ணுவாங்க. சிறுநீர் வாங்கிட்டு வந்து மருந்து உடம்புல இருக்கான்னு பார்ப்பாங்க. நோயாளி மருந்தைத் தானே சரியா சாப்பிடுவாரான்னு ஃபாக்ஸ் 1958-லயே ஒரு தனிக் கட்டுரையே எழுதினார். 'நோயாளி சொன்னாருன்னா சாப்பிட்டிருப்பார்'னு அவங்க எடுத்துக்கல.

முடிவு

1959-ல உலக சுகாதார நிறுவனத்தோட இதழ்ல முடிவு வெளியாச்சு. ஒரு வருஷம் முடிஞ்சப்போ, கிருமி இல்லாத நிலைக்கு வந்தவங்க: சானடோரியத்துல 92 சதவீதம், வீட்டுல 86 சதவீதம்.

'அட, ஆறு சதவீதம் வித்தியாசம் இருக்கே'ன்னு கேட்பீங்க. ஒவ்வொரு குழுவுலயும் கடைசிக் கணக்குக்கு வந்தது சுமார் 80 பேர். ஆறு சதவீதம்னா அஞ்சு பேர். காசை 80 தடவை சுண்டி, திரும்ப 80 தடவை சுண்டினா இந்த அளவு வித்தியாசம் சும்மாவே வரும். அதனால இதை வெச்சு சானடோரியம் சிறந்ததுன்னு சொல்ல முடியாது. அதே சமயம் ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுன்னும் இந்த எண்ணிக்கை நிரூபிக்கல. ஆனா 'வீட்டுல வெச்சா தோத்துப்போகும்'ங்கிற பயம் உடைஞ்சுபோச்சு. பத்துல எட்டு, ஒன்பது பேர் தகரக் கூரை வீட்டுல, குடிசையில, ஒரே அறையில இருந்தே குணமானாங்க.

இன்னொரு விஷயமும் தெரிஞ்சது. டாக்டர் பேச்சை மீறிப் பாதியிலயே கிளம்பிப்போனவங்க சானடோரியக் குழுவுலதான் அதிகம். யோசிச்சா புரியும். குடும்பத்துல சம்பாதிக்கிற ஆள் ஒரு வருஷம் படுக்கையில இருந்தா அடுப்பு எரியுமா? கைக்குழந்தை இருக்கிற அம்மா ஒரு வருஷம் எப்படிப் பிரிஞ்சிருப்பாங்க? வீட்டுல இருந்தவங்களுக்கு அந்தப் பிரச்சனை இல்ல.

அப்போ குடும்பத்துக்கு நோய் பரவலையா? இதுதான் இருந்ததுலயே பெரிய பயம். ரெண்டு குழுக்களோட குடும்பத்தினரையும் அஞ்சு வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க. 1966-ல வெளியான முடிவு: நோயாளி வீட்டுல இருந்தார்ங்கிறதால குடும்பத்துக்குக் கூடுதலா நோய் வரல. காரணம் என்னன்னா, பரவுறது பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே, அந்த இருமல் மாசங்கள்லயே நடந்து முடிஞ்சிடுது. சிகிச்சை ஆரம்பிச்ச பிறகு கிருமி வேகமாக் குறையுது. ஆளை ஊருக்கு வெளியில கொண்டுபோய் வைக்கிறது, குதிரை ஓடிப்போன பிறகு லாயத்தைப் பூட்டுற மாதிரி.

இதை இன்னைக்கும் சொல்ல வேண்டியிருக்கு. டிபின்னு தெரிஞ்ச உடனே தனித் தட்டு, தனி டம்ளர், ஹவுஸ் ஓனர்கிட்ட மறைக்கிறது, கல்யாணப் பேச்சு நின்னுபோறது எல்லாம் இந்த நகரத்துல இன்னும் நடக்குது. டிபி தட்டு வழியா பரவாது, காத்து வழியாத்தான் பரவும். அறுபது வருஷத்துக்கு முன்னாடி இதே ஊர்ல, இதே மாதிரி நெருக்கமான வீடுகள்ல அளந்து பார்த்த விஷயம் இது. பயப்பட வேண்டியது சிகிச்சை எடுக்கிற ஆளைப் பார்த்து இல்ல. ரெண்டு வாரத்துக்கு மேல இருமிட்டு, இன்னும் டெஸ்ட் எடுக்காத ஆளைப் பத்திதான் யோசிக்கணும். அந்த ஆள் நாமளாவும் இருக்கலாம்.

சேத்துப்பட்டுல இருந்து உலகத்துக்கு

இந்த முடிவு வந்த நேரம் ரொம்ப சரியான நேரம். 1959-ல பெங்களூருல தேசிய காசநோய் நிறுவனம் தொடங்குது. அங்க வேலை பார்த்தவர்கள்ல ஒருத்தர் ஹாஃப்டன் மாலர், பின்னாடி உலக சுகாதார நிறுவனத்துக்கே தலைவர் ஆனவர். 1962-ல இந்தியாவோட தேசிய காசநோய்த் திட்டம் வருது. அடிப்படை என்ன? வீட்டுல இருந்தே சிகிச்சை. மற்ற நாடுகளும் ஒண்ணொண்ணா இந்த வழிக்கு வந்தாங்க. பணக்கார நாடுகள்லயும் சானடோரியங்களை மூட ஆரம்பிச்சாங்க.

சேத்துப்பட்டு சென்டர் அதோட நிக்கல. அடுத்த கேள்வி: தினமும் மாத்திரை சாப்பிடுறதைக் கண்காணிக்க முடியலன்னா, வாரத்துக்கு ரெண்டு தடவை மட்டும் கிளினிக்குக்கு வரச் சொல்லி, கண்ணெதிர்லயே மருந்து கொடுத்தா என்ன? ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் அதிக அளவு ஐசோனியசிட்டும். தினமும் வீட்டுல சாப்பிடுற முறையோட இதை ஒப்பிட்டுப் பார்த்து 1964-ல முடிவு வெளியிட்டாங்க. பழைய முறைக்கு இது எந்த விதத்துலயும் குறைவா இல்ல. பின்னாடி உலகம் முழுக்க 'டாட்ஸ்'னு பிரபலமான, சுகாதாரப் பணியாளர் முன்னாடி மாத்திரை சாப்பிடுற முறைக்கு இது ஒரு முக்கியமான வேர்.

அஞ்சு வருஷத் திட்டம் நிரந்தர நிறுவனமாச்சு. காசநோய் ஆராய்ச்சி மையம்னு பேர் மாறி, 2011-ல தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்னு ஆச்சு. கொரோனா நேரத்துல உலக சுகாதார நிறுவனத்தோட தலைமை விஞ்ஞானியா நீங்க டிவியில பார்த்த சௌமியா சுவாமிநாதன், இந்த நிறுவனத்தோட இயக்குநரா இருந்தவங்கதான்.

சாப்பாட்டுக் கணக்கு

இப்போ கதையோட கஷ்டமான பகுதி. இதைச் சொல்லாம விட்டா இது வெறும் பெருமைக் கதை ஆயிடும்.

சானடோரியத்துல நல்ல சாப்பாடு. வீட்டுல கிடைச்சதைச் சாப்பிட்டாங்க, அதுவும் பல குடும்பங்கள்ல போதாத சாப்பாடு. 1961-ல இதைப் பத்தித் தனியா ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. சானடோரியத்துல இருந்தவங்களுக்கு எடை நல்லா ஏறியிருந்தது. வீட்டுல இருந்தவங்களுக்குக் கம்மியா. ஆனா கிருமி போறதுல பெரிய வித்தியாசம் இல்ல. அதாவது, நல்ல மருந்து இருந்தா, கிருமியை ஒழிக்கிறதுக்கு ஸ்பெஷல் சாப்பாடு கட்டாயம் இல்ல.

அந்த ஆய்வு சொன்னது இவ்வளவுதான், அது சரிதான். ஆனா அதைப் படிச்சவங்க எடுத்துக்கிட்டது வேற. 'காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்ல'ன்னு ஒரு எண்ணம் நிலைச்சுப்போச்சு. திட்டங்கள் மாத்திரையைக் கொடுத்தது, சாப்பாட்டைப் பத்தி ரொம்ப வருஷம் பேசவே இல்ல. 'கிருமி போறதுக்கு எது தேவை'ங்கிறது ஒரு கேள்வி. 'நோய் யாருக்கு வருது, யார் சாகுறாங்க'ங்கிறது வேற கேள்வி. முதல் கேள்வியோட பதிலை ரெண்டாவது கேள்விக்கு ஒட்டிட்டாங்க.

ரெண்டாவது கேள்விக்கு உருப்படியான பதில் வர அறுபது வருஷம் ஆச்சு. 2019-ல இருந்து 2022 வரைக்கும் ஜார்க்கண்டுல 'ரேஷன்ஸ்'னு ஒரு பெரிய சோதனை நடந்தது. டாக்டர் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில. நம்ம சேத்துப்பட்டு நிறுவனமும் அதுல பங்கு. 2,800 காசநோயாளிகள், அவங்க குடும்பத்துல 10,345 பேர். எல்லா நோயாளிகளுக்கும் உணவுப் பொருள் உண்டு. பாதி ஊர்கள்ல குடும்பத்துக்கும் மாசாமாசம் அரிசி, பருப்பு, பால் பவுடர் மாதிரி பொருள்கள். 2023-ல முடிவு: உணவு வாங்கின குடும்பங்கள்ல புதுசா காசநோய் வர்றது 39 சதவீதம் குறைஞ்சது. தொத்துற வகை காசநோய் 48 சதவீதம் குறைஞ்சது. தடுப்பூசி லெவலுக்கு ஒரு முடிவு. செஞ்சது அரிசியும் பருப்பும்.

இதுல 1961 ஆய்வு தப்புன்னு ஆகல. ரெண்டுமே சரி. மாத்திரை கிருமியைக் கொல்லும். சாப்பாடு அடுத்த ஆளுக்கு நோய் வராம காக்கும். ரெண்டையும் சேர்த்துப் பார்க்க நமக்குத்தான் அறுபது வருஷம் தேவைப்பட்டது. 2018-ல இருந்து அரசாங்கம் நோயாளிக்கு மாசம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பர்ல இருந்து அது 1,000 ரூபாய்.

தமிழ்நாடு 2022-ல 'காசநோய் இறப்பில்லா திட்டம்'னு ஒண்ணு ஆரம்பிச்சது. நோய் கண்டுபிடிச்ச உடனே சில எளிமையான விஷயங்களைப் பார்ப்பாங்க: உயரத்துக்கு ஏத்த எடை இருக்கா, கால் வீங்கியிருக்கா, மூச்சு எவ்வளவு வேகம், ஆக்சிஜன் அளவு என்ன, துணையில்லாம எழுந்து நிக்க முடியுதா. மோசமா இருந்தா உடனே மருத்துவமனையில சேர்க்கணும். கவனிச்சீங்களா? 1956-ல கேட்டது 'எல்லாருக்கும் படுக்கை வேணுமா?' பதில், வேண்டாம். இப்போ கேக்குறது 'யாருக்குப் படுக்கை இல்லாட்டி உயிர் போயிடும்?' எல்லாருக்கும் வேண்டாம்ங்கிற பதில், யாருக்குமே வேண்டாம்னு ஆகிடக் கூடாது.

இன்னொரு இழப்பும் இருக்கு. சேத்துப்பட்டுல வீட்டு சிகிச்சை ஜெயிச்சது மாத்திரையால மட்டும் இல்ல. அந்தத் திடீர் விசிட், சிறுநீர் டெஸ்ட், வராத நோயாளியைத் தேடிப்போய் 'ஏன்மா வரல'ன்னு கேட்ட ஆட்கள், இதெல்லாம் சேர்ந்துதான். தேசியத் திட்டமா மாறுனப்போ மாத்திரை போய்ச் சேர்ந்தது, அந்த ஆட்கள் அதே அளவுக்குப் போய்ச் சேரல. நிறைய பேர் பாதியில நிறுத்தினாங்க. பாதியில நிறுத்தினா கிருமி மருந்துக்குப் பழகிடும். 1993-ல உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலக அவசரநிலைன்னு அறிவிச்சது. 1997-ல இந்தியா தன் திட்டத்தையே திருத்தி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. டெமோவுல ஓடுன கோட் புரொடக்ஷன்ல ஏன் விழுதுன்னு நாம கேட்போமே, அது மாதிரிதான். டெமோவுல பக்கத்துல நின்ன மனுஷங்களை யாரும் டிப்ளாய் பண்ணல.

உங்ககிட்ட யாராவது கேட்டா

கடைசியா, இது ஏன் உங்களுக்கு முக்கியம்? மருத்துவச் சோதனைகள் இன்னைக்கும் இந்த நகரத்துல நடக்குது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குப் புது மாத்திரைகளை வெச்சு சிகிச்சைக் காலத்தைக் குறைக்கிற சோதனைகளை சேத்துப்பட்டு நிறுவனமே நடத்தியிருக்கு. முன்னாடி ஊசி, காது கேக்காமப் போறது, ஒன்றரை ரெண்டு வருஷம் சிகிச்சைன்னு இருந்த இடத்துல, இன்னைக்கு ஆறு மாச மாத்திரைச் சிகிச்சை வந்திருக்குன்னா, யாரோ நோயாளிகள் சம்மதிச்சு அந்தச் சோதனைகள்ல சேர்ந்ததாலதான்.

நாளைக்கு உங்ககிட்டயோ உங்க அம்மாகிட்டயோ ஒரு டாக்டர் 'ஒரு ஆய்வுல சேர்றீங்களா'ன்னு கேக்கலாம். சர்க்கரை, கேன்சர், டிபி, எதுவா வேணும்னாலும் இருக்கலாம். பயந்து ஓடவும் வேண்டாம், டாக்டர் சொல்லிட்டாரேன்னு கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடவும் வேண்டாம். 1948 சோதனையில மருந்து கிடைக்காத நோயாளிகளுக்குத் தாங்க ஒரு சோதனையில இருக்கோம்னே யாரும் சொல்லல. நோயாளியோட சம்மதம் அவசியம்னு சொல்ற ஹெல்சிங்கி பிரகடனம் வந்தது 1964-ல. இன்னைக்கு உங்களுக்கு உரிமைகள் இருக்கு, அதனால இதெல்லாம் கேளுங்க:

ஒண்ணு, இந்தச் சோதனையோட பதிவு எண் என்ன? 2009 ஜூன்ல இருந்து இந்தியாவுல நடக்கிற மருந்துச் சோதனைகளை அரசாங்கப் பதிவேட்டுல முன்கூட்டியே பதிவு பண்ணணும். அதை யார் வேணும்னாலும் ஆன்லைன்ல இலவசமாப் பார்க்கலாம்.

ரெண்டு, நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்திருக்கா? சம்மதப் படிவம் எனக்குப் புரியிற தமிழ்ல இருக்கா? வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் படிக்கலாமா?

மூணு, நான் எந்தக் குழுவுல போனாலும் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? சேத்துப்பட்டுல ரெண்டு குழுவுக்கும் மருந்து இருந்தது. உங்க சோதனையில எப்படி?

நாலு, ஏதாவது ஆச்சுன்னா? 2019 விதிகள்படி, சோதனையால பாதிப்பு வந்தா இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. படிவத்துல அது எழுதியிருக்கணும்.

அஞ்சு, நடுவுல வேண்டாம்னு தோணினா வெளியில வரலாமா? கண்டிப்பா வரலாம். அதுக்காக உங்களுக்கு வழக்கமாக் கிடைக்கிற சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

இந்தக் கேள்விகளுக்கு நிதானமா பதில் சொல்ற டாக்டர்னா நம்பிப் பேசலாம். 'இதெல்லாம் ஃபார்மாலிட்டிம்மா, கையெழுத்துப் போடுங்க'ன்னா எழுந்து வந்துடுங்க.

அந்த 193 பேர்ல ஒருத்தர் பேர் கூட நமக்குத் தெரியாது, அது தெரியாம இருக்கிறதுதான் முறையும். அவங்க ரிக்ஷா ஓட்டியிருக்கலாம், மில்லுல வேலை பார்த்திருக்கலாம், வீட்டு வேலை செஞ்சிருக்கலாம். வாயைக் குமட்டுற வில்லைகளை ஒரு வருஷம் விழுங்கினாங்க, கேட்டப்போ சிறுநீர் கொடுத்தாங்க, கதவைத் தட்டினப்போ திறந்தாங்க. இன்னைக்கு டிபி வந்த ஒருத்தர் வேலையை விடாம, வீட்டுல பிள்ளைங்களோட இருந்துட்டே குணமாக முடியுதுன்னா அதுல அவங்க பங்கு இருக்கு.

யாருக்காவது ரெண்டு வாரமா இருமல், சாயந்திர ஜுரம், எடை குறையுதுன்னா பக்கத்துல இருக்கிற அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்க. பரிசோதனையும் மருந்தும் இலவசம். இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புறது கூட அப்புறம் பண்ணிக்கலாம், முதல்ல டெஸ்ட் எடுக்கட்டும்.

அடுத்த வாரம் வேற கதையோட வரேன்.